அரை டின் மண்

கால்சா, பலேர்மோ
12.01.2025

அன்பின் தங்கச்சி அமலினிக்கு,

மாதா உன்னைக் காக்க. சுகம் விசாரிப்பதற்கு முன் ஒரு வெட்கக்கேட்டை இறக்கி வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனை நகராது. போன கிழமை நம் அப்பாவை நான் விஷகடிப் பரிகாரியார் ஆக்கிவிட்டேன். சும்மா பரிகாரியார் அல்ல, மன்னார் முழுக்கப் பேர்போன பரிகாரியார். கடித்த பாம்பே திரும்பி வந்து விஷத்தை உறிஞ்சிக்கொண்டு போகும் என்றுகூடச் சொல்லியிருப்பேன், 'உறிஞ்சு' என்பதற்கு இத்தாலிச் சொல் வாயில் வரவில்லை. இதையெல்லாம் சொன்னபோது நான் குசினி மேசைக்கு மேலே நின்றுகொண்டிருந்தேன், பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். உன் மகள் றம்யா ஸ்பீக்கரில் போடுவாள், பேசாலை முழுக்கக் கேட்கும். இது உன் கண்ணுக்கு மட்டும்.

நான் பராமரிக்கிற சின்யோரா லுக்ரேசியா நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதைச் சொன்னேன் அல்லவா? ஆறு மாதம் வீட்டுக்கு வரமாட்டா. நான் சொல்லாமல் விட்டது வேறொன்று. அந்த வீட்டுப் பின்னறையில் ஒரு மலைப்பாம்பு இருக்கிறது. சின்யோரா ஒரு காலத்தில் விலங்கியல் ரீச்சர். நாலு வருஷமாய் அவவே அதற்குத் தீன் வைத்தா, நான் அந்தக் கதவைத் திறந்ததில்லை. நீ பயப்படுவாய் என்றுதான் எழுதவில்லை. சரி, எழுதினால் எனக்குப் பயம் வரும் என்றுதான் எழுதவில்லை.

மகன் பப்ரீசியோ மிலானோவிலிருந்து வந்தான். "பாம்பைப் பாக்க ஆளிருந்தா வீடு திறந்திருக்கும். இல்லாட்டிப் பூட்டிப்போட்டு அம்மாவை என்னோடை கூட்டிக்கொண்டு போறன்" என்றான். வீட்டைப் பூட்டினால் என் வேலை ஒப்பந்தமும் உள்ளே பூட்டுப்படும். ஜூலை மூன்றாம் திகதி குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், எனக்கு முறை. அன்றைக்கு ஒப்பந்தம் காட்டினால்தான் பெர்மேசோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிப்பார்கள். பெர்மேசோ இல்லாமல் நான் ஊருக்கு வந்தால் திரும்ப ஏலாது, வராவிட்டால் உன்னைப் பார்க்க ஏலாது. ஆறு வருஷம் பிள்ளை, உன் முகத்தைப் போன் கண்ணாடிக்குள்தான் பார்க்கிறேன்.

நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அவன் அந்தச் சீவனைத் தோளில் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தான். மூன்று மீற்றர். பெயர் கொந்தெஸ்ஸா, பிரபு வீட்டுப் பெண்மணி. நான் மேசைக்கு எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது.

"பயமோ, செலஸ்ரீனா?"

"இல்லை, சின்யோரே. எங்கடை ஊரிலை பாம்பை உயரத்திலை நிண்டு பாக்கிறதுதான் மரியாதை."

அதற்குப் பிறகுதான் அப்பா பரிகாரியார் ஆனார். அவன் நம்பிவிட்டான். உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் மிருக வைத்தியரோடு வருவானாம். அவர்கள் முன்னால் நான் பாம்பைத் தூக்கித் தராசில் வைக்க வேண்டும். வைத்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

கதவில் சின்யோரா விதிகள் எழுதி ஒட்டியிருக்கிறா. கையைக் கழுவு, தீன் மணம் இருந்தால் கையையே தீன் என்று நினைக்கும். தொடுமுன் கொக்கியால் மெல்லத் தட்டு, தட்டினால் இது சாப்பாடு அல்ல என்று அதற்கு விளங்கும். கடித்தால் இழுக்காதே, பல்லெல்லாம் உள்பக்கம் வளைந்தவை. விஷம் இல்லையாம். நூறு பல் இருக்கிறவளுக்கு விஷம் எதற்கு?

ஒரு உதவி. மடு மாதா கோயில் மண் கொஞ்சம் வேண்டும். பாம்புக்குப் பயந்து நம் சனம் வீட்டைச் சுற்றித் தூவுகிற அதே மண். றெஜி மார்ச்சில் லீவு முடிந்து இஞ்சை வருகிறான், அவனிடம் குடுத்துவிடு. வேறு யாருக்கும் மூச்சு விடாதே.

உன் முழங்கால் நோ எப்படி? பனிக்கு எண்ணெய் பூசு.

அன்பு அக்கா,
செலஸ்ரீனா

*

பேசாலை
06.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. உங்களுக்குப் புத்தி சுகமோ என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் அப்பா சங்கக்கடையில் மா நிறுத்தவர். பல்லி விழுந்ததற்குக் கதிரைக்கு மேல் ஏறி நின்று அம்மாவைக் கூப்பிட்ட மனுசன். அவரைப் போய் பரிகாரியார் ஆக்கினீர்களே, கல்லறையில் திரும்பிப் படுத்திருப்பார். நீங்கள் மேசைக்கு மேல் ஏறினதைப் பார்த்தால் மட்டும் சந்தோசப்பட்டிருப்பார், பிள்ளை என்னைப்போல் என்று.

பகிடி இருக்கட்டும். கையுறை போட்டீர்களோ? அறைக் கதவு பூட்டுமோ? இரவில் நீங்கள் எந்தப் பக்கம் படுக்கிறீர்கள்? விஷம் இல்லை என்று அவர்கள் சொல்வதை நம்பலாமோ? வேலையை விட்டு வேறு வீடு பாருங்கள் என்று எழுதத்தான் பேனை எடுத்தேன். ஜூலைக்குள் வேறு ஒப்பந்தம் கிடைக்காது என்று றெஜி சொன்னான். அதனால் எழுதவில்லை.

மண்ணுக்கு வருகிற ஞாயிறுகளில் ஒன்றில் மடுவுக்குப் போகிறேன். பிள்ளையார் கோயிலடிப் பரமேஸ்வரி அக்காவும் தனக்குக் கொஞ்சம் கேட்டா. எதற்கு மண் என்று அவவுக்கு நான் சொல்லவில்லை. அவவும் எதற்கு என்று எனக்குச் சொல்லவில்லை.

நீங்கள் ஆவணித் திருவிழாவுக்கு வந்தால் போதும் அக்கா. மிச்சம் எனக்கு ஒன்றும் வேண்டாம். றம்யா அன்பு சொல்கிறாள்.

உங்கள் தங்கச்சி,
அமலினி

*

கால்சா
01.03.2025

அன்பின் அமலினி,

உன்னைச் சேர்ந்த எல்லோருக்கும் சமாதானம். எனக்கு உடம்பு சுகம், உயிர் மட்டும் தொண்டையில் நிற்கிறது.

தீன் போடப் பழகிவிட்டேன். பிறீசரில் பட்டாணிக்குப் பக்கத்தில் எலிகள் பைபையாய் இருக்கின்றன. இரண்டு கிழமைக்கு ஒன்றை வெந்நீரில் உருக்கி, நீட்டு இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். திறந்தபோது இடுக்கியில் எலி இல்லை. அந்த வேகத்தைக் கண்டபிறகு என் பத்து விரலையும் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன்.

போன வியாழன் காலை கண்ணாடிப் பெட்டி வெறுமையாய் இருந்தது. மூடியின் கொளுக்கியை முந்தினநாள் நான் சரியாய்ப் போடவில்லை. அதுமட்டும் என்றால் பரவாயில்லை. நாலு நாளாய் அவளின் கண் பால் வார்த்ததுபோல் வெள்ளை. தோல் கழற்றப் போகிறாளாம். அந்த நேரம் பார்வை மங்கும், கோபம் கூடும், கிட்ட வருவது எதுவானாலும் கடிப்பாள் என்று அந்த மிருக வைத்தியர் பெண் போனில் சொல்லியிருந்தாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் எங்கேயோ.

நான் மறுபடி மேசைக்கு மேலே. எதிர்வீட்டு சின்யோரா பீனா யன்னலால் தலையை நீட்டினா. நடுவிலுள்ள ஒழுங்கை அவ்வளவு ஒடுக்கம், அவவின் மூக்கு எங்கள் குசினிக்குள் நிற்கும்.

"மேசையிலை நிண்டு என்ன செய்யிறாய்?"

"லைற் துடைக்கிறன், சின்யோரா."

நாலு மணித்தியாலம் துடைத்தேன், அமலினி. பீனா கோப்பி குடித்து, பல்லரோச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்து, சமைத்து, மறுபடி எட்டிப் பார்த்தா. "அந்த லைற்றைப்போல என்னை என்ரை மனுசன்கூட அப்பிடித் தடவினதில்லை" என்றா. இதற்குள் ஒழுங்கை முழுக்கச் சொல்லியிருப்பா.

கடைசியில் அடுப்புக்குப் பின்னால் ஏதோ உரசுகிற சத்தம். சூட்டுக்குப் போய்ச் சுருண்டிருந்தாள். நான் இறங்கினேன். யாரையாவது கூப்பிட்டால் மகனுக்குச் செய்தி போகும், செய்தி போனால் ஜூலை போகும். தலையணை உறையை விரித்துப் பிடித்து, கொக்கியால் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். சீறினாள். நம் ஊர்ப் பாம்பின் சீறல் அல்ல, பஸ் கதவு திறக்கிற சத்தம். நான் செபமாலையில் மூன்றாம் மணிக்குப் போனபோது மெல்ல உறைக்குள் தலையை விட்டாள். அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு நடந்த இருபது அடியை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். ஈரமாய் இருப்பாள் என்று நினைத்தேன். காய்ந்து, வழுவழுப்பாய், புதுக் கைப்பை மாதிரி இருந்தாள்.

மண் எங்கே? உயிர்த்த ஞாயிறுக்கு ஏழு கிழமை.

அன்பு அக்கா

*

பேசாலை
14.03.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் றம்யா எழுதுகிறேன். அம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, அதனால் அவ சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அம்மா சுகம். நீங்கள் கவனமாய் இருக்கட்டாம். மண் டின்னை றெஜி மாமாவிடம் குடுத்துவிட்டோம். மிளகாய்த்தூள் பைக்குள் புதைத்திருக்கிறது. கையால் துழாவிவிட்டுக் கண்ணைத் தொடவேண்டாமாம்.

அம்மா வேறொன்றும் இல்லையாம்.

அன்புடன்,
றம்யா

*

கால்சா
02.04.2025

அமலினி,

எல்லோரும் நலம் என்று றம்யா எழுதியிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும். ஆனால் கண்ணுக்கு மட்டும் என்று நான் எழுதியதெல்லாம் இப்போது பிள்ளையின் கண்ணுக்கும் போகிறது. பிள்ளை, இதை வாசிக்கிறாய் என்றால் பெரியம்மா மேசையில் ஏறிய பகுதிகளை மறந்துவிடு.

டின் வந்தது. தேயிலை டின்னில் அரைவாசி. இவ்வளவு தூரம் மடுவுக்குப் போய் மாதாவிடம் அரை டின்தான் கேட்டாயோ? சின்ன வயதில் பலாச்சுளையையும் இப்படித்தான் எண்ணித் தருவாய்.

டின் வந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. றெஜி அதை என் கையில் தரவில்லை. பல்லரோவில் சுரேஸ் கடையில் வைத்துவிட்டு நழுவிவிட்டான். துறைமுகத்தில் வேலைக்கு நேரமாம். ஞாயிறு பூசை முடிய வாசலில் மடக்கினேன்.

"அமலினி சுகமோ?"

"ஓம் அக்கா, சுகம்."

"என்னைப் பாத்துச் சொல்லு."

"கண்ணுக்கை வெயில் குத்துது அக்கா."

மழை பெய்துகொண்டிருந்தது, அமலினி. அவன் தலையில் குடை.

போன் எடுத்தால் றம்யா எடுக்கிறாள். முதல் தரம், அம்மா கோயிலுக்குப் போயிட்டா. பிறகு, அம்மா குளிக்கிறா. நேற்று, அம்மா படுத்திட்டா. உங்களுக்குப் பகல் பதினொரு மணி. அம்மை போட்ட வருஷத்தைத் தவிர நீ பகலில் படுத்ததை நான் கண்டதில்லை. என்னோடு கோபமோ? அப்பாவைப் பரிகாரியார் ஆக்கியதற்கா?

சின்யோராவின் பழைய தலையணை உறையில் ஒரு துண்டு வெட்டி, உன் மண்ணை அதில் முடிந்து, சின்னப் பொட்டணமாய்த் தைத்துவிட்டேன். வலது மணிக்கட்டில் கட்டியபடி சமைக்கிறேன், துவைக்கிறேன், தூங்குகிறேன். கட்டிய நாளிலிருந்து கை நடுக்கம் பாதியாய்க் குறைந்திருக்கிறது. இப்போது கொந்தெஸ்ஸாவை இரண்டு நிமிடம் மடியில் வைத்திருப்பேன். அவள் நாக்கை நீட்டி என் பெயரை விசாரிப்பாள், நான் மூச்சை அடக்கி ஒளித்துக்கொள்வேன்.

உன் கையால் இரண்டு வரி எழுது. கண்ணாடி இல்லாவிட்டால் கோணலாய் எழுது.

அக்கா

*

கால்சா
25.04.2025

அன்பின் அமலினி,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கு. உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இதைச் சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

திங்கள் அவர்கள் வந்தார்கள். பப்ரீசியோவின் வயிற்றை நிரப்பினால் பேனை இலேசாய் ஓடும் என்று காலையிலேயே கோழிக்கறி வைத்தேன். பிறகு தேசிக்காய் போட்டு மூன்று தரம் கை கழுவினேன். மணம் போய்விட்டதோ என்று என் கையை நானே நாய்போல் மோந்து பார்த்தேன். வைத்தியர் பெண் தராசை விரித்தாள். சின்யோரா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீடியோவில். பப்ரீசியோ ஒப்பந்தத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான். ஒரு கால் வெளியே.

மூடியைத் திறந்தேன். கொக்கியால் தட்டினேன். வழமையில் தட்டியதும் தலையைத் தாழ்த்துவாள். அன்றைக்குத் தலையைத் தூக்கிக் கழுத்தை எஸ் மாதிரி மடித்தாள். வைத்தியர் பெண் "மெதுவா" என்றாள். பப்ரீசியோ "ஏதும் பிரச்சினையோ?" என்றான். அந்தக் கேள்விக்குள் ஜூலை மூன்று, விமான டிக்கெட், உன் முகம் எல்லாம் இருந்தது. நான் கையை விட்டேன்.

கடித்தாள்.

நான் கண்டது கடியை அல்ல. தலை அங்கே இருந்தது, பிறகு என் மணிக்கட்டில் இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. அடுத்த மூச்சுக்குள் உடம்பு வந்து முழங்கை வரை இரண்டு சுற்று. கையில் இரத்த அமுக்கம் பார்க்கிற பட்டியைக் கட்டிக் காற்றடிப்பார்களே, அதுபோல் இறுகியது, ஆனால் காற்றை யாரும் திறந்துவிடவில்லை. விரல்கள் நீலமாகின. போனுக்குள்ளிருந்து சின்யோரா "இழுக்காதை, செலஸ்ரீனா! இழுக்காதை!" என்று கத்தினா. நான் இழுக்கவில்லை. அசையவே இல்லை. 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, சாப்பாட்டுக்கு முந்திய செபத்தைச் சொல்லிவிட்டேன். யாருடைய சாப்பாடு என்று பிறகுதான் யோசித்தேன்.

வைத்தியர் பெண் குளிர்தண்ணீரை அவள் வாயோரம் மெல்ல வார்த்தாள். வார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு முழுச் செபமாலை அளவு. பிறகு கொந்தெஸ்ஸா வாயைத் திறந்து, ஒரு ஊது ஊதி, விட்டாள். வாயெல்லாம் மண்!

அமலினி, அவள் கடித்தது பொட்டணத்தை. பல் துணிக்குள் இறங்கி மண்ணில் சிக்கிவிட்டது. என் தோலில் ஒரு கீறல் இல்லை. மாதா என் கைக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவில் தன் மண்ணை வைத்தா. வைத்தியர் பெண் துணியை மோந்து, "இதிலை கோழி மணக்குது, இந்தத் துணி கட்டாட்டி அவ கடிச்சிருக்கமாட்டா" என்றாள். படித்த பிள்ளை, பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

பப்ரீசியோ வேர்த்துக்கொண்டு நின்றான். "கண்கூட இமைக்கேல்லை நீங்கள். உங்கடை அப்பா உண்மையிலை பெரிய ஆள்தான்" என்றான். முழங்கால் பூட்டிக்கொண்டதை நான் அவனுக்கு விளக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டான். கறியையும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான்.

நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சொல்வதற்கு நீ பக்கத்தில் இல்லாமல்தான் அழுதேன்.

அக்கா

*

பேசாலை
16.05.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். கடித்தது பொட்டணத்தை என்று வந்த இடத்தில் என்னை நிற்பாட்டி, திரும்ப வாசிக்கச் சொன்னா. பிறகு எழும்பிப் பின்பக்கம் போய்விட்டா. அம்மா சுகம். போன கிழமைதான் [வெட்டிய ஒரு சொல்] கோயிலால் வந்து களைத்துப் போயிருக்கிறா.

றம்யா

*

கால்சா
10.06.2025

அமலினி,

இந்தத் தரம் சுகம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

றம்யா ஒரு சொல்லை வெட்டிவிட்டு 'கோயிலால்' என்று எழுதியிருக்கிறாள். கடிதத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெட்டின சொல் 'ஆஸ்பத்திரியால்'. பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கியவள் நன்றாய்ப் பழக்கவில்லை. நம் குடும்பத்தில் அந்தக் கலை என்னிடம்தான் இருக்கிறது.

றெஜியிடம் மறுபடி போனேன். "சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன் அக்கா, கேக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தான். நாற்பது வயது ஆம்பிளை.

எனக்கு என்னென்னவோ ஓடுகிறது. கட்டியா? நெஞ்சா? கொந்தெஸ்ஸாவை மடியில் வைத்துக்கொண்டு அவளிடம் கேட்கிறேன். இப்போது அவளைக் கண்டு பயமில்லை, தபால்காரனைக் கண்டுதான் பயம். ஜூன் முடியுமுன் உன் கையெழுத்தில் கடிதம் வராவிட்டால், குவெஸ்தூராவும் வேண்டாம், பெர்மேசோவும் வேண்டாம், அடுத்த விமானத்தில் ஏறி வந்து உன் வாசலில் நிற்பேன். பிறகு திரும்பி வர ஏலாவிட்டால் உன் குசினியில் இருந்து உன்னைத் தின்பேன்.

அக்கா

*

பேசாலை
24.06.2025

அக்கா,

இது என் கை. கோணல்தான், ஆனால் என் கை. நான் உயிரோடு சுகமாய் இருக்கிறேன். கட்டியும் இல்லை, நெஞ்சும் இல்லை. அந்தோனியார் மேல் ஆணை, மூன்றாம் திகதி குவெஸ்தூராவுக்குப் போங்கள். கடதாசி கையில் இல்லாமல் வந்தால் கதவு திறக்கமாட்டேன்.

அமலினி

*

கால்சா
08.07.2025

என் அன்பின் தங்கச்சி,

றம்யா போனில் படமெடுத்து அனுப்பிய உன் கோணல் எழுத்துக்கு ஆயிரம் முத்தம். தொங்கல் எழுத்தெல்லாம் சரிந்து, வெறிகாரன் எழுதினதுபோல் இருக்கிறது. புதுக் கண்ணாடியைத் திரும்பக் குடுத்து வேறு வாங்கு.

பெர்மேசோ சரி! ஒப்பந்தத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள். ஓகஸ்ட் பதினொன்று விமானம். இரண்டு மாதத்துக்குத் திரும்புகிற டிக்கெட்டோடு வருகிறேன். சின்யோரா ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்துவிட்டா. நான் இல்லாத நாட்களில் கொந்தெஸ்ஸாவுக்கு எலி நீட்டப்போகிறவ எதிர்வீட்டுப் பீனா. லைற் துடைத்த கதையின் உண்மை வெளிவந்துவிட்டது, அதை ஒழுங்கை முழுக்கப் பரப்பினதற்கு அவவுக்கு இது தண்டம்.

இனிப் பெரிய செய்தி. மண்ணின் அற்புதத்தை நம் பங்குச் சனத்துக்குச் சொன்னேன். பூசை முடிய எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். கிள்ளுக்கிள்ளாய்ப் பதினெட்டுப் பேருக்குக் குடுத்தேன். அடுக்குமாடியில் பூரான் வருகிற ஜெனனிக்கு ஒரு கிள்ளு, மாமியார் வருகிற லக்ஷனாவுக்கு இரண்டு. கடவுள் இல்லை என்று வாதாடுகிற சின்யோராகூட ஒரு சிட்டிகை கேட்டுத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா. டின்னில் ஒரு கரண்டிதான் மிச்சம். அதை மடுவிலேயே கொண்டுபோய்ப் போடுவதாய் நேர்த்தி. அதோடு திருவிழாவில் சாட்சி சொல்லப் போகிறேன், ஒலிவாங்கியில், பாம்பு கடித்த பொட்டணத்தைத் தூக்கிக் காட்டி! எங்கள் பாதர் அங்கேயுள்ள பாதருக்கு எழுதியும் போட்டுவிட்டார். நீ பக்கத்தில் நிற்க வேண்டும். புதுச் சேலை கொண்டு வருகிறேன்.

ஆஸ்பத்திரிக் கதையை நேரில் சொல். நான் திட்டமாட்டேன். திட்டுவேன், ஆனால் கட்டிப்பிடித்துக்கொண்டு.

உன் அக்கா

*

பேசாலை
25.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நல்ல சுகத்தோடு வந்துசேர மன்றாடுகிறேன். இதைத் தபாலில் போட்டால் நீங்கள் வந்த பிறகுதான் போகும், அதனால் போன தரம்போல் றம்யா போனில் படமெடுத்து அனுப்புவாள். நேரில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஒலிவாங்கி என்று எழுதினீர்கள். இனிப் பொறுக்க ஏலாது.

என்னைப் பாம்பு கடித்தது. பெப்ரவரி இருபத்து மூன்று, ஞாயிறு. சுருட்டை விரியன். ஒரு முழம்கூட இராது, உங்கள் கொந்தெஸ்ஸா அதைக் கண்டால் எலி என்று எடுத்துவிடுவா. வலது கைச் சுட்டுவிரல். இரத்தம் உறையாமல் பல் முரசால் கசிந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில். நல்லாய்ப் பார்த்தார்கள். டொக்டர் "பாம்பைக் கண்டனீங்களோ, எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். "என்ரை அக்கான்ரை போலை இல்லை, சின்னன்" என்றேன். விஷம் தலைக்கேறிவிட்டது என்று எழுதிக்கொண்டார். மே மாதம் விரலைக் காட்டத் திரும்பப் போனேன். அது இன்னும் மடங்காது, அதுதான் எழுத்துக் கோணல். கண்ணாடி உடையவே இல்லை.

சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவீர்கள். பெர்மேசோ போகும், நீங்கள் நாலு வருஷம் வெள்ளைக்காரச் சீமாட்டியின் முதுகு தேய்த்தது வீணாய்ப் போகும். போனில் உங்கள் குரல் கேட்டால் என் வாய் நிற்காது, அதனால் எடுக்கவில்லை. றெஜி ஆஸ்பத்திரிக்கு டின் வாங்க வந்தபோது கட்டிலில் வைத்தே சத்தியம் வாங்கினேன். அவனைத் திட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் பாம்பு பொட்டணத்தைக் கடித்தது என்று றம்யா வாசித்தபோது பின்வளவுக்குப் போய் நின்று சிரித்தேன். சிரித்து முடிய அழுதேன். அக்கா, தயவு செய்து சாட்சி சொல்லாதீர்கள். பதினெட்டுப் பேருக்கும் என்ன சொல்வது என்று வழியில் யோசித்து வாருங்கள், அந்தக் கலை உங்களிடம்தான் இருக்கிறது. லக்ஷனாவுக்கு மட்டும் சொல்ல வேண்டாம், மாமியார் போய்விட்டாவாம் என்று றெஜி சொன்னான்.

மடுவுக்குப் போகவிருந்த முதல் ஞாயிறு பஸ் ஓடவில்லை. அடுத்த ஞாயிறு றம்யாவுக்குச் சோதனை. மூன்றாம் ஞாயிறு, நம்பிக்கைதானே காக்கிறது, மண்ணில் என்ன வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தேயிலை டின்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்வளவுப் பனையடிக்குப் போனேன். மூன்று பிடி அள்ளினேன். நாலாம் பிடிக்குக் கை வைத்தேன்.

டின் ஏன் அரைவாசி என்று கேட்டீர்கள் அல்லவா.

உங்கள் தங்கச்சி,
அமலினி